வெள்ளிப் பக்கம் வெளியே

மார்ச் 2, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பை மடிக்கிற கவர்களைக் காயப்போட நல்ல நாள். மூன்று வாளி அலசினேன். சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர், சோப்புத்தூள் கவர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மூட்டையில் பாதிக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு தடவை சோப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டியிருந்தது.

வாங்க வேண்டியது: நைலான் நூல் இரண்டு உருண்டை. பெரிய ஊசி. அவருக்கு மாத்திரை. கூழுக்குக் கேப்பை மாவு. கத்தரிக்கோலைச் சாணைக்குக் கொடுக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு ரே. வந்தாள். இந்த நோட்டில் அவள் பெயரை முழுதாக எழுதுவதில்லை, கை கூசுகிறது. என் கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி. எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவியும் அவளே. ஈரத் தரை என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, எட்டாம் தேதி புதுக்கோட்டையில மகளிர் தின விழா. ஒவ்வொரு குழுவும் தலைமை தாங்குற மேடத்துக்கு ஒரு பொருள் குடுக்கணுமாம். நீங்க ஒரு கைப்பை பண்ணிருங்க. ஒங்க கைதான் சுத்தம்."

"யாரு குடுக்குறது?"

"தலைவிதானே குடுக்கணும். யாரு செஞ்சதுன்னெல்லாம் அங்க கேக்க மாட்டாங்க."

சரி என்றேன். ஏன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றேன் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

தூக்கம் சரியில்லை. அவருக்கு இரண்டு டம்ளர் கூழ், உறிஞ்சு குழாயில். தஞ்சாவூரில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். வாயில் ஒரு விரல் நுழைகிறது, இரண்டு விரல் நுழையவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எல்லாம் பாக்கெட் புகையிலை. விற்கக் கூடாது என்று தடை போட்ட சரக்கு. பஸ் ஸ்டாப்பில் கொழுந்தன் கடையில் தண்ணீர் பாட்டில் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சொந்தத் தம்பி சொந்த அண்ணனுக்கு எடுத்துக் கொடுத்தான். ஒரு நாளைக்கு எட்டு, பத்து. நான் போய்க் கடை முன்னால் நின்று கும்பிட்டிருக்கிறேன். பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் பார்த்தது.

கொழுந்தன் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "மதினி, கேக்குறவனுக்கெல்லாம் இல்லன்னு சொன்னா கடைய இழுத்து மூடிட்டுத்தான் போவணும். அண்ணன் என்ன பச்சப்புள்ளயா?"

ரே. கல்லாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே சொன்னது: "நாங்க குடுக்கலன்னா கறம்பக்குடிக்குப் போயி வாங்குவாரு அக்கா. பஸ் காசு வேற செலவு."

பஸ் காசு. அந்தச் சொல்லை அன்றிலிருந்து மனசில் வைத்திருக்கிறேன்.

குழுவை ஆரம்பித்தது நான்தான். பயிற்சிக்குப் போய் மடிக்கக் கற்றுக்கொண்டு வந்து பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மேடை என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் பேசினாள், தலைவி ஆனாள். அதற்காக எல்லாம் எனக்குக் கோபம் இல்லை. கோபம் திறக்காத அவர் வாய்க்காக.

மாட்டுக்கொட்டகைக் கூரைத் தகரத்தின் இடுக்கில் அவர் சொருகிச் சொருகி வைத்த வெறும் பாக்கெட்டுகள் அத்தனையையும் ஆபரேஷன் முடிந்து வந்த வாரமே எடுத்து ஒரு சாக்கில் கட்டி வைத்தேன். எரிக்க மனம் வரவில்லை. எதற்கு வைத்திருந்தேன் என்று அப்போது தெரியாது.

நேற்று ரே. பை கேட்டதும் தெரிந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை.

குழுவில் எங்களுக்கு இரண்டு சட்டம். ஒன்று, மடிக்கும்போது வெள்ளிப் பக்கம் வெளியே, அச்சுப் பக்கம் உள்ளே. அப்போதுதான் பை பார்க்க வெள்ளிச் சாமான் மாதிரி மினுங்கும், குப்பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு, புகையிலைப் பாக்கெட்டைத் தொடுவதில்லை. எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது. காய்ந்ததும் போன மாதிரி இருக்கும். வெயில் பட்டால், கை சூடு பட்டால், மறுபடி கிளம்பும். ஆரம்பத்தில் தெரியாமல் அதில் செய்த ஒரு பை, வாங்கினவரிடமிருந்து திரும்பி வந்துவிட்டது.

ரே. அலசுகிற இடத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இரண்டாவது சட்டம் அவளுக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கடையிலேயே பொழுதெல்லாம் கிடப்பவள். அந்த வாடை அவள் மூக்குக்குப் பழகிப்போய்விட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை வரை போனாலும் தெரியாது.

சாக்கை அவிழ்த்துக் கொல்லையில் கொட்டினேன். அலசினேன். காயப்போட்டேன். எல்லாப் பாக்கெட்டிலும் அந்த அழுகின வாய்ப் படம். படம் போட்டுத்தான் விற்கிறார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டேதான் இவரும் மென்றார்.

மார்ச் 5, புதன்

பட்டை மடிப்பு. பாக்கெட் சின்னது என்பதால் பட்டையும் சன்னம். நாலாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, வரிசை வரிசையாக நூல் போட்டு இறுக்க வேண்டும். சன்னப் பட்டையில் வேலை இரட்டிப்பு, ஆனால் அழகு. நான் இதுவரை செய்ததிலேயே நல்ல பை இதுதான். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் எழுந்து வந்து ஒரு பட்டையைக் கையில் எடுத்தார். பிரித்தார். படம். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"எதுக்கு?" அவர் பேசினால் இப்போது எனக்கு மட்டும்தான் புரியும்.

"மேடத்துக்குங்க. ஒங்க தம்பி பொண்டாட்டி குடுக்கப்போறா."

"வேணாம். தம்பிடீ அவன்."

"ஒங்களுக்குத் தம்பி."

பட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கூழ் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் போகட்டும் என்று அரை மணி நேரம் இருந்தேன். பிறகு ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நூல் தீரப்போகிறது.

மார்ச் 6, வியாழன்

புஷ்பம் வந்தாள். குழுவில் எனக்கு ஒட்டிய ஆள். வாசல்படி ஏறும்போதே மூக்கைச் சுளித்தாள். பையைத் துண்டால் மூடினேன், ஆனால் அவள் பார்த்துவிட்டாள். உட்கார்ந்து கையில் எடுத்து, முகர்ந்து, கீழே வைத்தாள்.

"விசாலம், இது என்ன வேலை?"

சொன்னேன். மறைக்கவில்லை.

"இந்த மேடம் மனசு வச்சா ஒன்றியத்துப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் பென்சில் பை ஆர்டர் வருமாம்ல. பன்னெண்டு பேரு பொழப்புடி. நான் அத நம்பித்தான் மகளக் காலேஜுல சேத்திருக்கேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

துண்டை இழுத்துப் பையை மறுபடி மூடினேன். அவள் எழுந்துகொள்ளவில்லை. "எங்க வீட்டாளும் அங்கதான் வாங்குது" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுப் போனாள். யாரிடமும் சொல்ல மாட்டாள் என்றே நினைக்கிறேன்.

புஷ்பத்தின் மகளை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அரை நாள் யோசித்தேன். சிப்ஸ் கவரில் வேறு பை ஒன்று தயாராக இருக்கிறது, அதைக் கொடுத்து விட்டுவிடலாம். நன்றாகவே இருக்கிறது. சாயங்காலம் அவருக்கு வாய் கழுவி விடும்போது அந்த யோசனை போய்விட்டது.

மார்ச் 7, வெள்ளி

பை முடிந்தது. மூடியில் கடைசிப் பட்டையை மட்டும் தைக்கவில்லை, சொருகித்தான் வைத்திருக்கிறேன். இழுத்தால் வரும். மேடம் இழுத்துப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். பார்க்காவிட்டாலும் காருக்குள் வெயில் பட்டால் வாடை தன் வேலையைச் செய்யும். யார் கொடுத்த பை என்று கேட்பார்கள். அது போதும் என்று நினைத்தேன்.

ரே. வந்து வாங்கிக்கொண்டாள். மூக்குக்கு நேராகத்தான் பிடித்தாள். ஒன்றும் இல்லை. நான் நினைத்தது சரி.

"அய்யோ, எவ்வளவு நுணுக்கம். சிப்ஸ் கவரா அக்கா?"

"ம்."

"மயில் கலர்ப் புடவை கட்டலாம்னு இருக்கேன். இந்த வெள்ளிக்கு எடுப்பா இருக்கும்ல?"

எடுப்பாக இருக்கும் என்றேன். முதல் தடவையாக அவளிடம் சிரித்தேன்.

மார்ச் 8, சனி

வேனில் பதினாலு பேர். கறம்பக்குடி தாண்டியதும் வெயில் சன்னல் வழியாக விழுந்தது. பை அவள் மடியில். ஒவ்வொருத்தியாக மூக்கைத் தொடுவதைப் பார்த்தேன். பையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், வெளியே பார்த்தார்கள். இத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாடை எல்லா வீட்டிலும் இருக்கிறது போல.

மண்டபம் நிறைய ஆள். சாப்பாடு லெமன் சாதம், உருளைக்கிழங்கு. மேடம் சின்ன வயது, கண்ணாடி போட்டிருந்தார். நான்காவதாக எங்கள் குழுவைக் கூப்பிட்டார்கள்.

ரே. மயில் கலர்ப் புடவையில் போய்ப் பையைக் கொடுத்தாள். போட்டோ எடுத்தார்கள். மேடம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்ன வாசனை இது?"

ரே. யோசிக்கவே இல்லை. அந்தத் திறமைக்குத்தான் தலைவி ஆனாள். மைக்கிலேயே சொன்னாள்: "வேப்பெண்ணெய் மேடம். பூச்சி அரிக்காம இருக்கிறதுக்கு நாங்களே தடவுறோம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்படி மடிக்கிறீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்."

ரே.வுக்கு மடிக்கத் தெரியாது. நாலு வருஷமாகத் தலைவி, ஒரு பட்டை மடித்ததில்லை. கூட்டத்தைப் பார்த்து, "அக்கா, இங்கிட்டு வாங்க, மேடத்துக்குக் காட்டுங்க" என்றாள்.

அவளே கூப்பிட்டாள். நான் போகவில்லை, அவள் கூப்பிட்டாள். இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மேடை ஏறினேன். சொருகி வைத்த பட்டையை இழுத்தேன். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று, நாலு. மேடத்தின் உள்ளங்கையில் விரித்து வைத்தேன். அந்த வாய்ப் படம்.

"இது தடை பண்ணதாச்சே. இந்தப் பை முழுக்கவா? இத்தன பாக்கெட் எங்க கெடச்சுது?"

நாக்கு ஒட்டவில்லை. "எங்க வீட்டுக்காரரு மென்னது மேடம். ஆபரேஷன் ஆகி வாயத் தொறக்க முடியாமக் கெடக்குறாரு. எங்க ஊருக் கடையில வாங்குனது."

"எந்தக் கடை?"

கடைப் பெயரை நான் சொல்லவில்லை. திரும்பித் தலைவியைப் பார்த்தேன், அவ்வளவுதான். மேடமும் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் நிமிர்ந்து அவளைத்தான் பார்த்தார்கள். மைக் அவள் கையில் இருந்தது. பேச்சு வரவில்லை அவளுக்கு.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கல்யாணத்தன்று கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

பென்சில் பை ஆர்டர் பற்றி யாரும் பேசவில்லை. வேனில் திரும்பும்போது ரே. முன் சீட்டில். புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், எதற்கென்று கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

மேகமூட்டம். கவர் காயவில்லை.

மேடம் அனுப்பிய அதிகாரிகள் காலையில் ஜீப்பில் வந்தார்கள். கடையில் மூன்று அட்டைப்பெட்டி எடுத்தார்கள். அபராதம், பூட்டுக்குச் சீல். வேடிக்கை பார்க்க ஊரே நின்றது. நானும் நின்றேன், முன்வரிசையில். கொழுந்தன் என்னைப் பார்த்து, "நல்லாருங்க மதினி" என்றான். நல்லாத்தான் இருப்பேன் என்றேன்.

இவர் தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வேளைக் கூழும் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. நான் யாருக்காகச் செய்தேனோ அந்த ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். எரிகிறது.

கத்தரிக்கோல் சாணை ஆகி வந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

இவர் காலையில் திரும்பி வந்தார். கூழ் மட்டும் குடித்தார்.

குழாயடியில் ரே. நின்றாள். தலை வாரவில்லை, முகம் வீங்கியிருந்தது. சண்டைக்கு வருவாள் என்று நினைத்து நானும் தயாராகத்தான் போனேன். அவள் குரலே உயரவில்லை.

"மாட்டி விட்டுட்டீங்க. சரி. நாங்க வித்தது தப்புதான், ஒத்துக்கிறேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன் அக்கா. மாட்ட வித்த பெறகு மாமா வேலைக்கே போவல. ஆனா எங்க கடையில ஒரு நாளும் கடன் சொன்னதில்ல. அந்த ரூவாய யாரு குடுத்து விட்டா?"

குடம் பாதி கூட நிரம்பவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்தான் கொடுத்தேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் அவர் சட்டைப்பையில் நானே மடித்து வைப்பேன். எதற்கென்று தெரியும். தெருவில் நின்று பிறரிடம் கை நீட்டக் கூடாது, குடும்ப மானம் போகும் என்று கொடுத்தேன். கவர் மடித்துச் சம்பாதித்த ரூபாய். கடை முன்னால் போய்க் கும்பிட்ட வாரம்கூட வைத்தேன்.

ஐந்து மாதமாக இந்த ஒன்றை மட்டும் இந்த நோட்டில் எழுதாமல் இருந்தேன். அவள் குழாயடியில் நாலு பேர் காது கேட்கச் சொல்லிவிட்டாள்.

ரேவதி சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதற்காகவும் அவளை மன்னிக்க மாட்டேன்.