பம்பரத்தின் இரண்டாவது ப

செப். 4, வியாழன்

காலையில் தூறல். ஒன்பதுக்கு மேல் வெயில், ஆனாலும் துணி காயவில்லை. இனியாவின் ஜட்டிகள் எல்லாம் ஃபேனுக்கு அடியில்.

கார்டன் ரீச் வந்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். கல்கத்தா, கல்கத்தா என்று சொல்லித்தான் கோயமுத்தூரிலிருந்து கூட்டி வந்தார் செந்தில். வந்து பார்த்தால் ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒரு மைதானம், ஒரு சின்ன மார்க்கெட், ஒரு பான் கடை, தெரு முடிவில் ஆறு. சின்ன ஊர்தான் இது. என் பெயர் யாருக்கும் தெரியாது. நான் எத்தனை மணிக்கு விளக்கு அணைக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

துணி உலர்த்தும்போது எதிர் வீட்டு மொட்டைமாடிக்குப் பின்னால் ஒரு கப்பல் போனது. வெள்ளை. மூன்று மாடி உயரம். சத்தமே இல்லை. ஒரு நொடி எதிர் வீடுதான் நகர்கிறது என்று நினைத்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். இனியா கை ஆட்டினாள். அங்கிருந்தும் யாரோ ஆட்டினார்கள். வாயில் கிளிப்போடு நானும்.

அம்மா போன். "ஏஞ்சாமி, மூணு வயசுப் புள்ளைய வச்சுட்டு ஆத்தோரத்துல என்னத்துக்குக் கெடக்கறே? ஸ்கூல்ல சேக்கற வரைக்கும் இங்க வந்துரு. மாப்பிள்ளை சமாளிச்சுக்குவாரு."

சாயங்காலமே டிக்கெட் போட்டாயிற்று. 12ஆம் தேதி, வெள்ளி. எனக்கும் இனியாவுக்கும். போக மட்டும். வர எப்போது என்று செந்தில் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப். 5, வெள்ளி

புழுக்கம்.

என் பயங்கள் (யாரும் படிக்கப் போவதில்லை): ஆறு — வாசலிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு, எண்ணினேன். மாடிப்படிக் கம்பி இடைவெளி — இனியாவின் தலை நுழையும். டெங்கு. பாம்பு, இதுவரை பார்க்கவில்லை, அதனாலேயே. யார் எதைக் கொடுத்தாலும் வாயில் போட்டுக்கொள்கிறாள். மறுபடியும் ஆறு.

மீன்கார மாஷி வந்தாள். மாஷி என்றால் சித்தி. இங்கே தெருவுக்கே அவள் சித்தி. அலுமினியக் குண்டானை இறக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பாதி வங்காளம், பாதி ஹிந்தி, மீதி கை. எனக்குப் புரிந்த அளவில்: "இன்னிக்கும் புளியா? தினம் புளி, தினம் புளி! உன் வீட்டுக்காரன் எப்படித்தான் உசுரோட இருக்கான்?" சிரித்து வைத்தேன். போகிற போக்கில், "அடுத்த ஷுக்ரோபார் ஊருக்குப் போறியாமே?"

ஷுக்ரோபார் = வெள்ளி. தூக்கிவாரிப் போட்டது. டிக்கெட் போட்டது நேற்று சாயங்காலம். என் மாமியாருக்கே இன்னும் சொல்லவில்லை!

செந்திலைக் கேட்டேன். "நான் டீக்கடையில போன்ல போட்டேன், கவி. பக்கத்துல நாலு பேரு நின்னாங்க." அவ்வளவுதான்.

செப். 7, ஞாயிறு

லேக் மார்க்கெட். இட்லி அரிசி, ந.எண்ணெய், கறிவேப்பிலை, அப்பளம், மல்லிகை ஒரு முழம். கடைக்கார அண்ணன் தமிழர்தான், பிறந்ததே இங்கேதான். "கார்டன் ரீச்லயா இருக்கீங்க? பாஹ்! கங்கை வாசல்லயே. நாங்கல்லாம் பஸ் புடிச்சு வந்து பாக்கணும் தீதி." பூ கட்டிய நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார். தீதி என்றால் அக்கா.

திரும்பும்போது கிடர்பூரில் பஸ் நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி. கைவண்டிக்காரர்கள் வண்டி நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். என்ன விபத்தோ என்று இனியாவை மடியில் இழுத்துக்கொண்டேன். விபத்து இல்லை. பாலம் திறக்கிறது. நாங்கள் போகவேண்டிய சாலை, தாரும் கோடுமாக, அப்படியே எழுந்து நின்றது. அந்த இடைவெளியில் ஒரு கப்பல்.

இனியா: "அம்மா, ரோடு எந்திருச்சுருச்சு!"

ஆமாம் கண்ணு. வேறு என்ன சொல்ல.

பஸ்ஸில் ஒருவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பெண்மணி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

செப். 8, திங்கள்

தலைவலி. மாவு பொங்கி வழிந்துவிட்டது.

இனியாவின் டிராயிங் நோட்டில் கடைசிப் பக்கம், என் வங்காளப் பாடம். இன்று வரை:
ஜோல் — தண்ணீர்
மேயே — மகள்
பாத் — சோறு
பாடி — வீடு
பாபா — அப்பா
பான் — வெற்றிலை (கடைக்காரரே சொன்னது)

மேல் மாடியில் இருக்கும் பௌதி (அண்ணி என்று அர்த்தம், பெயர் இன்னும் கேட்கவில்லை, இனி கேட்டால் அசிங்கம்) பையைக் கயிற்றில் இறக்கிக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்து, நிறுத்தி நிறுத்தி: "கால் ஷொகாலே தொஷ்டாய் காட்டே பான் ஆஷ்பே. மேயேகே தேகியோ. ஒப்பொர் தேகே!"

அத்தனையும் புரிந்தது! கால், நாளை. தொஷ், பத்து. காட், படித்துறை. பான், வெற்றிலை. ஆஷ்பே, வரும். ஒப்பொர், மேலே. நாளை காலை பத்து மணிக்குப் படித்துறைக்கு வெற்றிலை வருகிறது, மகளுக்குக் காட்டு, நான் மேலேயிருந்து வருகிறேன்.

ஏதோ பூஜை. துர்கா பூஜைக்கு மைதானத்தில் மூங்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், அதற்கு முன்னால் ஏதோ ஒன்று இருக்கும். ஆறுதான் பயம். ஆனால் பௌதி இருப்பார், கூட்டம் இருக்கும். முப்பத்தெட்டு, இல்லை, நாற்பத்திரண்டு நாளில் என்னை ஒருவர் முதல்முறையாக ஓரிடத்துக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். நீலச் சுங்குடிப் புடவை எடுத்து வைத்தேன்.

செப். 9, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போனேன். சுங்குடி. இனியாவுக்குப் பாவாடை. கையில் எவர்சில்வர் தட்டு, அதில் தேங்காய், இரண்டு பழம், ஐந்து வெற்றிலை.

ஆறு உள்வாங்கிக் கிடந்தது. வழக்கமாகத் தண்ணீருக்கு அடியில் இருக்கிற படிகள் எல்லாம் பாசியோடு வெளியே. அதற்கும் கீழே சேறு, சேற்றில் நண்டு. ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடல் பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. இனியா நண்டைப் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்தபடி கடைசிப் படிவரை இறங்கினோம். சனம் எல்லாம் மேலே கரையில் வரிசையாக நின்றது. ஒருவர் கையிலும் தட்டு இல்லை. படகுகள் கரையை விட்டு நடு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. பூஜைக்கு இடம் விடுகிறார்கள் என்று நினைத்தேன். பௌதியைக் காணோம்.

மேலேயிருந்து கத்தினார்கள். "பான்! பான்!"

நான் திரும்பி, தட்டைத் தூக்கிக் காட்டினேன். இருக்கு, கொண்டுவந்திருக்கேன் என்று. வெற்றிலையை எடுத்து ஆட்டியும் காட்டினேன்.

இன்னும் பலமாகக் கத்தினார்கள். அப்போதுதான் சத்தம் கேட்டது. தூரத்தில் லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல, நிற்காமல். ஆற்றின் வளைவில் ஒரு வெள்ளைக் கோடு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையிலேயே நின்றேன்.

குண்டான் படியில் உருளும் சத்தம். மாஷி. இனியாவை ஒரு கையால் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், மறு கையால் என் கொண்டையைப் பிடித்தாள். கொண்டையை! அப்படியே இழுத்துக்கொண்டு ஏறினாள். தட்டு போய்விட்டது. பாதிப் படிகூட ஏறவில்லை, பின்னால் அறைந்தது. முதுகெல்லாம் சேற்றுத் தண்ணீர். நாங்கள் நின்ற படி இல்லை. அதற்கு மேல் படியும் இல்லை.

கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன்.

ஆறு திரும்பி ஓடியது. முழு ஆறும். சற்று முன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே ஆகாயத்தாமரை, எங்களைத் தாண்டி, வந்த வழியே வேகமாகப் போனது. நடு ஆற்றில் படகுகள் ஒவ்வொன்றாக மூக்கைத் தூக்கி, இறங்கி, மறுபடி தூக்கி. கரையில் பெண்கள் குலவை இட்டார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எங்கோ இருக்கிற கடல் இத்தனை தூரம் நடந்து எங்கள் தெரு முனைக்கு வந்திருக்கிறது.

இதை யாரிடமும் சொல்ல முடியாது: ஒரு நிமிடம் எனக்கு ஒரு மகள் இருப்பதே மறந்துவிட்டது. பயம் என்று ஒன்று இருப்பதும். வாயைத் திறந்தபடி நின்றேன். பிறகுதான் தேடினேன். மாஷியின் இடுப்பில் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

மாஷி என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது. பௌதி கரையில் அழுதுகொண்டே, "ஒப்பொர் தேகே! ஒப்பொர் தேகே!" என்று தான் நின்ற தரையைக் காட்டினார். மேலேயிருந்து பார். மேலே நின்று பார். அதைத்தான் நேற்று சொன்னாராம்.

இங்கே பான் என்றால் இந்த அலை. ஆற்றை எதிர்த்து வருகிற கடல்.

என் வெற்றிலைக் கதை புரிந்ததும் மாஷி தலையில் அடித்துக்கொண்டு படித்துறை முழுக்கச் சொன்னாள். நான் வீடு வருவதற்குள் இஸ்திரிக்காரர் என்னிடம் (நானும் இப்போது பௌதி): "பௌதி, பான் கிடைச்சுதா?"

செப். 10, புதன்

நல்ல மழை. இனியாவுக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. நான்கு முறை தொட்டுப் பார்த்தேன்.

நேற்று நான் போன் பண்ணுவதற்கு முன்பே செந்தில் வாசலில். "பியூன் வந்து, சார், உங்க வீட்ல எல்லாம் பத்திரம்னு சொல்றான். எதுல இருந்து பத்திரம்னே தெரியாம ஓடியாறேன் கவி." திட்டுவார் என்று பார்த்தேன். தண்ணீர் கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.

இன்று வந்தவை: பௌதி — பாயசம். பக்கத்து வீடு — நாரத்தம்பழம். பான் கடைக்காரர் — வெற்றிலை, ஒரு கட்டு, சிரித்துக்கொண்டே.

இனியா: "அம்மா, பான் இல்லம்மா. பான்!" இரண்டும் ஒன்றுதானே கண்ணு? விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. நோட்டைப் பார்த்தேன். பாத், பாடி, பாபா, பான். என் ஒரு ப-வுக்குள் இவர்களுக்கு எத்தனை எழுத்தோ.

ரசம் கொதிக்கும்போது பிடிபட்டது. பம்பரம். முதல் ப வெற்றிலை. இரண்டாவது ப அலை. பம்பரம், பம்பரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், ரசம் பொங்கிவிட்டது.

செப். 11, வியாழன்

பெட்டி பாதி. இனியாவின் ஸ்வெட்டரை வைத்தேன், எடுத்தேன்.

அம்மா: "எல்லாம் எடுத்து வச்சுட்டியா சாமி?" ம். "என்ன, கொரலே சரியில்ல?" ஒண்ணுமில்லம்மா.

மாஷி வந்தாள். குண்டானிலிருந்து என் தட்டு! சேற்றில் கிடந்ததைப் படகுக்காரர் எடுத்துக் கொடுத்தாராம். விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது, கல்யாணச் சீர் தட்டு, தமிழில். இங்கே அதைப் படிக்க யாருக்கும் தெரியாது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

தட்டில் இரண்டு துண்டு மீன். "புளி போடாதே" என்றாள். போட்டேன்.

செப். 12, வெள்ளி

மேகம். மழை இல்லை.

ஏழு மணிக்கு செந்தில் பெட்டியை இறக்கினார். இனியா ஷூ போட்டுக்கொண்டாள், இடது வலது மாற்றி. நான் சொன்னேன், "கேன்சல் பண்ணிருங்க."

"அத்தைகிட்ட என்னன்னு சொல்றது?"

அம்மாவுக்கு நானே போன் போட்டேன். ஆறு பாக்கணும்மா.

"ஆத்துக்குப் பயந்துதான வர்றேன்னே?"

ஆமாம்மா.

அம்மா, "புள்ளைய மேல நிறுத்திப் பாரு" என்றாள். அலையைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. செந்தில் முகத்தைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு மாஷி கீழேயிருந்து: "ஏ, போகலையா?" இறங்கிப் போனேன். காலையிலிருந்து மனதுக்குள் கட்டி வைத்திருந்த வாக்கியம், என் முதல் முழு வங்காள வாக்கியம்: "அபார் பான் கொபே ஆஷ்பே?" மறுபடி எப்போது வரும்?

மாஷி பான் கடையைக் கை காட்டினாள். "அதோ, தினமும்."

இனியா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, சரியாகச் சொன்னாள்.

மாஷி அவளைத் தூக்கிக்கொண்டாள். "ஒமாபொஷ்யா" என்றாள். ஒமா... பொஷ்யா? விரலால் வானத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளங்கையால் அதை அழித்தாள்.

அட, அமாவாசை!

நோட்டில் எழுதிவிட்டேன். அமாவாசை — அமாவாசை.

இன்னும் ஒன்பது நாள்.