வலி ஊசி

நாகலூர்,
2.12.2024

அன்புள்ள மேனகாவுக்கு,

அண்ணி கௌரி எழுதுவது. நீயும் தன்ஷிகாவும் உன் அம்மாவும் சுகம்தானே? இங்கே நான் சுகம். கால் வீக்கத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் சுகம்தான்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். என்ன செய்வது? என் நம்பரை நீ பிளாக் செய்து நான்கு வருடம் ஆகிறது. வெள்ளையன் தினமும் மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறான், அவனிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

உனக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது என்று பிரபாகர் ஓசூரிலிருந்து போன வாரம்தான் சொன்னான். கூடப் பிறந்த தம்பியின் பெண்டாட்டி முழுகாமல் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிகிறது. சரி, அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை.

அங்கன்வாடியில் சேர்ந்த பிறகு எஸ்டேட் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு ஏற்காடு ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றிருக்கிறேன். இப்போது லேபர் வார்டுக்குள் கூட ஒரு பெண்ணை விடுகிறார்கள். உனக்கும் நான் வந்து நிற்கட்டுமா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

வராவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வை. வலி எடுத்ததும் மல்லாந்து படுத்துவிடாதே. நட. வலி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்து இடுப்பை ஆட்டு. கத்தினால் சீக்கிரம் களைத்துப்போவாய். வாயைத் திறந்து, அடித்தொண்டையில் மாடு கத்துவது போல மெல்ல சத்தம் விட்டால் உடம்பு இளகும். வெந்நீர்த் துணியை அடி முதுகில் வைக்கச் சொல். யாரையாவது இடுப்பெலும்பை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தச் சொல். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அதை அழுது வீணாக்காதே.

சேலம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு இருபதையும் சேர்த்து நினைத்தால் பஸ் ஏறும் முன்பே வாந்தி வரும் உனக்கு. வலியும் அப்படித்தான். இந்த வளைவு மட்டும், இது முடிந்தது, அடுத்தது என்று போ.

சுக்கும் கருப்பட்டியும் ஒரு டப்பாவில் போட்டு இந்தக் கடிதத்தோடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பதில் போடு கண்ணு.

உன் அண்ணி,
கௌரி


மஞ்சக்குட்டை,
9.12.2024

கௌரி அண்ணிக்கு,

மேனகா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

உங்கள் கவரின் ஓரம் பிரிந்து மறுபடி ஒட்டியிருந்தது. வெள்ளையன் அண்ணன் வழியில் படித்தாரா, நீங்களே எதையாவது எடுத்துவிட்டு ஒட்டினீர்களா என்று தெரியவில்லை. சந்தேகம் பிடித்தவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் குணத்தைக் கொடுத்தவர் நீங்கள்தான்.

சுக்கு டப்பாவைத் திறக்கவில்லை. அலமாரியில் அப்படியே இருக்கிறது.

நான்கு வருடம் பேசாத எனக்கு இப்போது வலியைத் தாங்க வழி சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஏன் இப்போது? தன்ஷிகா பிறந்த அன்று சேலத்தில் அந்த நர்சிங் ஹோமில் நடந்தது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான் இருந்தது. அவர் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார். நான் உள்ளே "ஏதாச்சும் ஊசி போடுங்க, முடியலை" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நர்ஸ் வெளியே வந்து உங்களைக் கேட்டாள்: "வலி ஊசி போட்டுரலாமுங்களா?"

நீங்கள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன். "வேண்டாமுங்க. அவ தாங்கிக்குவா."

அதற்குப் பிறகு பதினோரு மணி நேரம் தாங்கினேன், அண்ணி. நீங்கள் தடுக்காமல் இருந்திருந்தால் ஒரு ஊசியில் தீர்ந்திருக்கும் வலி. எனக்கு நல்லது செய்கிறவர் போல இப்போது மாடு மாதிரி கத்தச் சொல்கிறீர்கள்.

இந்த முறை சேலத்தில் முதுகில் ஊசி போட்டு வலியே தெரியாமல் பார்க்கிற ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். அங்கே துணைக்கு யாரும் தேவையில்லை.

இப்படிக்கு,
மேனகா


நாகலூர்,
16.12.2024

அன்புள்ள மேனகாவுக்கு,

கவரை இந்த முறை பின் அடித்து அனுப்பியிருக்கிறேன். பின்களை எண்ணிக்கொள், நான்கு.

நான்கு வருடமாக என்ன கோபம் என்று தெரியாமல் இருந்தேன். சீர் சரியில்லை, வளைகாப்பில் யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் என்று என்னென்னவோ யோசித்தேன். இதுதான் என்றால் ஒளிக்க ஒன்றும் இல்லை. வலி ஊசி வேண்டாம் என்று சொன்னது நான்தான். இன்றைக்கு அந்த நர்ஸ் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு, அது காகிதத்தில் எழுதுகிற காரணம் இல்லை. நேரில் உட்கார்ந்தால் சொல்கிறேன்.

முதுகில் ஊசி போட்டுக்கொள்வது உன் இஷ்டம். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையில் இருக்கிறாய், இரண்டாவது பிரசவம் சீக்கிரம் ஆகும். கீழே போய்ச் சேரும்வரை உனக்காகக் காத்திருக்குமா என்பதை மட்டும் யோசி.

தன்ஷிகாவை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்காட்டில் பார்த்தேன். கையசைத்தேன். யார் என்று தெரியாமல் முழித்தாள்.

உன் அண்ணி,
கௌரி


மஞ்சக்குட்டை,
28.12.2024

கௌரி அண்ணிக்கு,

பின் நான்கும் இருந்தது.

உங்கள் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். நான் கேட்டது தப்பாக இருக்குமோ என்று இவ்வளவு நாள் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் தீர்த்துவிட்டீர்கள். இன்றைக்கும் அதையே சொல்வீர்களாம்.

நேற்று கிராம நர்ஸ் வந்து, "உங்க நாத்தனார் போன் பண்ணியிருந்தாங்க, தேதி கேட்டாங்க" என்றாள். அவர் ஓசூரிலிருந்து, "அக்கா சொல்றதக் கொஞ்சம் கேளு" என்கிறார். வெள்ளையன் அண்ணன் ஜீப்பை எங்கள் வாசலில் தேவைக்கு மேல் நிறுத்துகிறார். நான் என்ன சாப்பிடுகிறேன், எங்கே போகிறேன் என்று நாகலூரில் உட்கார்ந்து எதற்காக விசாரிக்கிறீர்கள்? இந்த முறை எந்த நர்ஸிடம் எதை வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

அம்மா சொல்வதை நான் நம்பாமல் இருந்தேன். இப்போது நம்புகிறேன். பிள்ளை பெறாதவருக்குப் பெறுகிறவள் வலி எப்படித் தெரியும்? தெரியாதது மட்டுமல்ல, பார்க்கவும் பிடித்திருக்கும் போல.

பிரசவத்துக்கு வராதீர்கள். இனி கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

மேனகா


மஞ்சக்குட்டை,
20.2.2025

அண்ணிக்கு,

மேனகா எழுதுவது. பையன் பிறந்திருக்கிறான். அவர் போனில் சொல்லியிருப்பார். ஆனால் எப்படிப் பிறந்தான் என்று அவருக்கே முழுதாகத் தெரியாது. அதை நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆறாம் தேதி காலை தன்ஷிகாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது வலி எடுத்தது. 108 வந்தது. ஏற்காடு ஆஸ்பத்திரியில் நிறுத்திப் பார்த்த டாக்டரம்மா, கீழே அனுப்ப நேரமில்லை, வழியிலேயே பிறந்துவிடும் என்றார். முதுகு ஊசி அங்கே கிடையாது. சேலத்தில் ஏற்பாடு செய்தது எல்லாம் அப்படியே நின்றது. எனக்குக் கிடைத்த ஊசி உங்கள் கொண்டை ஊசி வளைவு மட்டும்தான்.

உங்கள் முதல் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. உள்குத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை முறை என்று தெரியாது. கண்டுபிடிக்க முடியவில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது.

அம்மா அழுத அழுகையில், பிரசவம் பார்க்கிற நர்ஸ் மரியா சிஸ்டர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். இடுப்பை ஆட்டினேன். அடித்தொண்டையில் சத்தம் விட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் உண்மையிலேயே தோள் இறங்கியது. வலி இல்லாமல் போகவில்லை, அண்ணி, அது பொய். எலும்பைப் பிளப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு ஆரம்பமும் முடிவும் இருப்பது இந்த முறை தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் வளைவு எண்ணினேன். இருபது முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. இரண்டு தடவை சேலம் இறங்கியிருப்பேன்.

ஆயாம்மாவிடம் இடுப்பெலும்பை அழுத்தச் சொன்னேன். "இதெல்லாம் யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "எங்க அண்ணி" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு எனக்கே கோபம்.

பன்னிரண்டு மணி இருக்கும். மரியா சிஸ்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு நர்ஸிடம், "வலி ஊசி இவங்களுக்கு வேண்டியதில்ல" என்றார். எனக்குத் தலைக்கு ஏறியது. இங்கேயும் போன் போட்டுவிட்டீர்கள் என்றே நினைத்தேன். "ஏன் வேண்டாம்? எங்க அண்ணி சொன்னாங்களா?" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "எந்த அண்ணி? வலி ஊசின்னா வலி வர வைக்கிற ஊசி கண்ணு. வலி பத்தலைன்னா டிரிப்ஸ்ல போடுவோம். இருக்கற வலி பத்தாதா உனக்கு?"

அப்புறம் நான்கு வலி வந்து போனது. வளைவு எண்ணவில்லை. பச்சைத் திரையும் உங்கள் குரலும்தான் இருந்தது. நீங்கள் என் வலியைத் தீர்க்கும் ஊசியைத் தடுக்கவில்லை. இருந்த வலியோடு இன்னும் ஏற்றுகிற ஊசியைத்தான் தடுத்தீர்கள். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு நான்கு வருடம் உங்களை வெறுத்திருக்கிறேன். ஒன்றேகாலுக்குப் பையன் பிறந்தான். நான் அழுததை எல்லோரும் பையனைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்தார்கள்.

கடைசிக் கடிதத்தில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இன்னும் ஒன்று எனக்குள் உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. அந்த ஊசி எனக்குப் போட வேண்டியதாகக்கூட இருந்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்? ஒரு திரையை விலக்கி என்னைக் கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை? காகிதத்தில் எழுத முடியாத காரணம் என்றீர்களே, அதை எழுதுங்கள்.

மேனகா


நாகலூர்,
26.2.2025

அன்புள்ள மேனகாவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் வெள்ளையனிடம் கொடுத்துவிடுகிறேன்.

வலி ஊசி என்ற சொல்லை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வாயில் பழகிப்போன சொல். அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஒரு ஊசியில் தீர்ந்திருக்கும் என்று நீ எழுதியதைக்கூட, பிரசவம் சீக்கிரம் முடிந்திருக்கும் என்றுதான் படித்தேன்.

இனி காரணம். நான் பெற்றவள்தான், மேனகா.

இருபத்திரண்டு வயதில், கல்யாணமாகிப் போன ஊரில். வலி பத்தவில்லை என்று டிரிப்ஸில் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு வலிக்கும் வலிக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஓய்வை வீணாக்காதே என்று உனக்கு எழுதினேனே, எனக்கு அது கிடைக்கவில்லை. பெண் குழந்தை. அழவில்லை. எதனால் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் அந்த ஊசியைக் காரணமாக வைத்துக்கொண்டேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை தெரியாது. அப்புறம் எனக்குத் தங்கவில்லை. பிரபாகர் அப்போது ஆறாவது படித்தான், ஹாஸ்டலில் இருந்தான். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஊருக்கு நான் பெறாதவள் ஆனேன்.

அன்று அந்த நர்ஸ் வலி ஊசி என்றதும் எனக்கு உன் முகம் தெரியவில்லை. என் பெண்தான் தெரிந்தாள். பயத்தில் சொன்னேன். அவள் தாங்கிக்கொள்வாள் என்று சொன்னது உன்னைப் பற்றி இல்லை, என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள.

நீ கேட்டது நியாயம். திரையை விலக்கி உன்னைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு எட்டுத்தான். வைக்கவில்லை. என்னையும் அன்று யாரும் கேட்கவில்லை, அதையே உனக்கும் செய்துவிட்டேன். அது என் தப்பு. அதற்கு வேறு காரணம் கிடையாது.

பையனுக்கு அரைஞாண் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். அதை ஜீப்பில் கொடுத்து அனுப்ப முடியாது, அத்தை கையால் கட்ட வேண்டும். நீ கூப்பிடாமல் வரமாட்டேன். இன்று காலை உன் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். இன்னும் போகவில்லை.

கௌரி


மஞ்சக்குட்டை,
5.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நம்பலாமா என்று என் புத்தி வழக்கம்போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. பிறகு சுக்கு டப்பாவைத் திறந்தேன். இன்று காலை அதில்தான் காப்பி போட்டேன்.

பையனுக்கு முப்பது நாள் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் தேதி, காலை ஜீப்பில் வாருங்கள். அவரும் ஓசூரிலிருந்து வருகிறார். உங்கள் பெண்ணைப் பற்றி அவருக்கு நான் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

கயிறு இரண்டாகக் கொண்டு வாருங்கள். தன்ஷிகாவுக்கும் அத்தை கட்டவில்லை. அவளுக்கு விவரம் தெரிந்துவிட்டது. கட்டும் முன் அவளைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

உங்கள்,
மேனகா