நானே ஏற்றிவிட்ட சம்பளம்

வியாழன் இரவு

அடுத்த வாரம் பாயான் பாரு தொழிற்சாலைக்கு நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். மூன்று மாதப் பிள்ளையை யாரிடம் விடுவது என்று இத்தனை நாளும் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. இன்று இவரும் நானும் ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் பிள்ளை பார்க்கும் கமலா அக்கா வீட்டுக்குப் போனோம். பேசுவதற்கு முன்பே அக்கா மகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மாசம் அறுநூறு வெள்ளி தர்றோம் அக்கா” என்றேன். பதில் இல்லை. குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து எழுநூறு என்றேன். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. இவர் என் காலை மிதித்தார். என் வாய் நின்றால்தானே? எண்ணூறுக்குப் போய்விட்டேன்.

அக்கா அவனை மெதுவாகப் பாயில் கிடத்தினார். அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“கண்ணு சொக்குற நேரத்துல பேசினா முழிச்சுக்குவான் லா, அதான் பேசல. அறுநூறே போதும்மா.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கள் கையில் அவன் ஒரு நாளும் இப்படித் தூங்கியதில்லை.

“இல்லக்கா, எண்ணூறுதான்” என்றேன்.

இந்த முறை இவர் என் காலை மிதிக்கவில்லை.