நாலாவது சீர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? பாப்பா பள்ளிப் போட்டிக்கு எழுதிய பாட்டு வந்து சேர்ந்தது.

என் அறையில் ஒரு சமையல்காரர் இருக்கிறார். தமிழ் படித்துவிட்டு வெங்காயம் உரிப்பதால் அவரைப் 'புலவர்' என்போம். அவரிடம் காட்டினேன்.

"எதுகை நல்லா விழுந்திருக்குய்யா. ஒவ்வொரு கண்ணியும் 'அடுத்த வருஷம் வருவார் அப்பா'ன்னு முடியுது. கச்சிதமா நாலு சீர். அடுத்த, அப்பான்னு மோனை வேற!" என்றார். கடைசிக் கண்ணிக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "இங்க மட்டும் ஒரு சீர் குறையுதே. புள்ள மறந்துடுச்சு போல."

அங்கே 'அடுத்த வருஷம் வருவார்' என்பதோடு நிற்கிறது. அப்பா இல்லை.

மறுநாள் சலவைக்கூடத்தில் அதையே விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றதில் இஸ்திரிப் பெட்டிக்கடியில் ஒரு விரிப்பு தீய்ந்துவிட்டது. கையில் சின்னக் கொப்புளம்தான், பயப்படாதே.

பாப்பாவின் தோளிலிருந்து முழங்கால்வரை நூல் பிடித்து அளந்து, அந்த நூலை அனுப்பு. துணி எடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது அவள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது எடுத்த அளவு.

பாட்டின் அந்தக் கடைசி வரியைத் திருத்தச் சொல்லிவிடாதே. அவள் மறக்கவில்லை. வருஷா வருஷம் நான் போனில் சொன்ன வரிதானே அது? இந்த முறையும் ஊருக்கு வர லீவு இல்லை என்றுவிட்டார்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். 'அடுத்த வருஷம்' என்று எழுதிப் பார்த்தேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை, அடித்துவிட்டேன்.

வேன் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான்.

பாப்பாவின்
அப்பா