மாமன் மச்சானுக்கு ஒரு வீடு

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வைத்திருந்த எங்கள் சின்னம்மாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. நேற்று மெட்ராசிலிருந்து உங்கள் மகன் சேகர் வந்திருந்தார். பின்கட்டிலிருந்து எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாமா என்று பார்க்கிறாராம். வரதன் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குத் தறியில் உட்கார்ந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபடி வீடு தேட வேண்டியிருக்குமோ என்னவோ. உங்களிடம் வருமுன் பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் ஏறாத படி இல்லை. ரெண்டும் ஆம்பளையா, குடும்பம் இல்லையா, அப்ப இல்லப்பா என்று கதவைச் சாத்துவார்கள். ஒரு வீட்டுக்காரர், ஒருத்தருக்காவது கல்யாணம் முடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். நல்ல இடமாக இருந்தால் வாடகை எட்டாது. வாடகை எட்டினால் கேள்வி தாங்காது.

உங்கள் பின்கட்டு மட்டும் ஏன் அவ்வளவு மலிவு என்று தெருமுனை டீக்கடையில் விசாரித்தோம். "வூடு நல்ல வூடுதான்பா. அந்தம்மா வாய்க்குத்தான் யாரும் நிக்கிறதில்ல" என்றார் கடைக்காரர். நீங்கள் எங்களை நிற்க வைத்தே ஊர் கேட்டீர்கள், சாதி கேட்டீர்கள். கவிச்சி சமைக்கக் கூடாது, கிணற்றடியில் சோப்பு நுரை கிடக்கக் கூடாது என்றீர்கள். கடைசியாக, "ரெண்டு பேரும் என்ன வேணும்?" என்றீர்கள். அண்ணன் தம்பி என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், அவனை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டீர்கள்.

அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

கொஞ்ச காலம் நிம்மதியாகப் போயிற்று. நீங்கள் திட்டுவீர்கள், நாங்கள் கேட்டுக்கொள்வோம். சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவோம். கதவைச் சாத்தினால் உள்ளே நாங்கள் நாங்களாக இருக்கலாம். அந்த ஒன்றுக்காக உங்கள் வசவு அத்தனையும் தகும் என்பான் வரதன். நானும் அதையேதான் நினைத்தேன்.

அப்புறம் காமாட்சி கோயிலில் வினை வந்தது. வரதனுடைய ஜன்ம நட்சத்திரம் அன்று ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அர்ச்சனைத் தட்டு வாங்கிப் போனோம். குருக்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். நான் என் கோத்திரத்தைச் சொன்னேன், அவன் அவனுடையதைச் சொன்னான். அம்பாளுக்கு முன்னால் நின்றுகொண்டு பொய்க் கோத்திரம் சொல்ல யாருக்கு வாய் வரும்? திரும்பினால் எங்களுக்குப் பின்னால் எதிர்வீட்டு கங்காதரம் நிற்கிறார். ஒரு அப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு கோத்திரம் எப்படி வரும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

மறுநாள் காலையில், தறியில் ஏற்ற வேண்டிய எங்கள் பட்டுப் பாவு. தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை நீட்டினால் கூப்பிடாமலே ஆட்கள் வருவார்கள், உங்களுக்குத் தெரியாததா. இன்றைக்கு நம் பாவுக்கு அவர்கள், நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம். இழுத்துப் பிடிக்க அத்தனை கைகள் வேண்டும், வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு முடிக்க வேண்டும். அன்றைக்கு ஒருவரும் வரவில்லை. அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். நான் ஒரு முனையைப் பிடித்தேன், வரதன் மறுமுனையைப் பிடித்தான். நடுவில் பட்டு தொய்ந்துகொண்டே போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாவு போனால் போகட்டும், இந்தத் தெருவில் இனி எப்படி இருக்க முடியும் என்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணன் தம்பின்னு சொல்லிக்கினு வந்தாங்க. கோத்திரம் வேற வேறயா இருக்குது. யாரு இவங்கன்னு கேளும்மா" என்றார் கங்காதரம், உங்கள் வாசலைப் பார்த்து.

நீங்கள் வெளியே வந்தீர்கள். எங்களைத் துரத்தத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாவின் நடுவில் போய்க் கை கொடுத்தீர்கள். "அண்ணன் தம்பின்னு எவன் சொன்னான்? மாமன் மச்சான்டா இவங்க. என் தூரத்து சொந்தம். மாமன் மச்சானுக்குக் கோத்திரம் ஒண்ணாவா இருக்கும்? முறை தெரியாத ஊரா இது?" என்றீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் வந்தார். அவர் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். கங்காதரம் கடைசியாக வந்து கஞ்சிச் சட்டியை எடுத்தார்.

உள்ளே வந்ததும் எங்களை ஒரு பிடி பிடித்தீர்கள். "போயும் போயும் அண்ணன் தம்பின்னா சொல்லி வெச்சீங்க? அது தப்பு முறைடா. இனிமே நீ என்னைச் சின்னம்மான்னு கூப்பிடு. அவன் அத்தைன்னு கூப்பிடட்டும். மாத்திக் கூப்பிட்டீங்க, சாவியைப் புடுங்கிடுவேன்."

அப்படிக் கூப்பிட்டால் நான் அவனுக்கு அத்தை மகன், நானும் அவனும் கட்டிக்கொள்கிற முறை. முறைக்காக உயிரையே விடுகிறவர் நீங்கள். தெரியாமலா சொன்னீர்கள்? அன்று சமையல் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரதன் அழுதான். அதற்கப்புறம் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றடி நுரையைப் பற்றித்தான் பேசினீர்கள்.

நேற்று நான் உங்களைச் சின்னம்மா என்றதும், சேகர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நேராகவே கேட்டார். "எங்கம்மாவுக்கு அக்காவே கிடையாது. உங்க ரெண்டு பேரையும் நான் எந்தக் கல்யாணத்துலயும் பாத்ததில்ல. நீங்க யாரு?" வரதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துக்கம் கேட்க வந்து உட்கார்ந்திருந்த கங்காதரம்தான் வாயைத் திறந்தார். அவர் இன்றுவரை எங்களைப் பார்த்துச் சிரித்தவர் இல்லை. நேற்றும் சிரிக்கவில்லை.

"மாமன் மச்சான்னு உங்கம்மா நடுத்தெருவுல நின்னு சொன்னாங்கப்பா. அதுக்கு மேல இந்தத் தெருவுல யாரும் கேக்கல. நானும் கேக்கல."

சேகர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அமாவாசை கழித்து வந்து சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். என்ன சொல்லப்போகிறார்? உங்கள் பிள்ளைதானே, உங்கள் மனசு கொஞ்சமாவது இருக்காதா? வாய் மட்டும்தான் இருக்கிறதா? இந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு ஒன்றும் புரியவில்லை, சின்னம்மா.

இருக்கச் சொன்னால் இருப்போம். போகச் சொன்னால் தறியைக் கழற்றிக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் படி ஏறத்தான் வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வாசலில் நிற்க வைத்து, ரெண்டு பேரும் என்ன வேணும் என்று எவர் கேட்டாலும், அண்ணன் தம்பி என்று சொல்ல மாட்டோம். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினாலும் சொல்ல மாட்டோம். வரதனும் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருக்கிறான். ரெண்டு பேரும் சேர்ந்தே உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறோம்.

உங்கள் மகன் ஏகாம்பரம்,
உங்கள் மருமகன் வரதன்.