படத்தில் இல்லாத தழும்பு

மாலாங்,
3 மார்ச் 2004

என் அன்பு மர்சியெம் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் என் குட்டி மகள் செகாரும் நலந்தானே? என்னைத் தேடி அழுதால் நான் இடுப்பில் கட்டும் பழைய சாரோங்கைக் கொடு. அந்த வாசனைக்குத் தூங்கிவிடுவாள்.

என் முடி போயிற்று அக்கா. பயிற்சி விடுதிக்கு வந்த அன்றே ஆண்பிள்ளை மாதிரி வெட்டிவிட்டார்கள். தைவானில் வீட்டு வேலைக்கு ஆள் எடுப்பது படத்தைப் பார்த்துத்தானாம். எங்களை மஞ்சள் சட்டையில் வரிசையாக நிற்க வைத்தார் விடுதித் தலைவி எண்டாங் அம்மா. "அழகா இருந்தா வீட்டம்மா எடுக்க மாட்டா. அசிங்கமா இருந்தா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. நடுவுல நில்லுங்கடி!" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

என் முறை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் இடது கன்னத்தைப் பார்த்து, "இது என்ன, சுட்ட தழும்பா? கம்ப்யூட்டர்ல எடுத்துடுங்க" என்று படக்காரரிடம் சொன்னார். ஏழு வயதில் சோயாத் தெம்பே பொரித்த எண்ணெய் கொட்டி இலை வடிவில் வந்த தழும்பு, இருபது வருஷமாகப் போகாதது, இரண்டு நிமிடத்தில் போயிற்று. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது நானா, சொல்.

ஐந்தே நாளில் தாய்ச்சுங் நகரத்து வீட்டார் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விடுதியில் எல்லோரும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். எனக்கோ ஒரே கேள்வி. விமான நிலையத்தில் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டால்? நீயும் தைவானுக்குப் போய் நாலே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாய். ஏன் என்று கேட்டபோதெல்லாம் தலைவலி என்று படுத்துக்கொண்டாய். இப்போதாவது சொல்லேன்.

உன் தங்கை,
விகாதி

*

பொனோரோகோ,
12 மார்ச் 2004

அன்புத் தங்கை விகாதிக்கு,

செகார் நலம். உன் படத்தைக் காட்டினேன். "இது அம்மா இல்ல. அம்மா கன்னத்துல எலை இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நீ கேட்டதை இன்று எழுதிவிடுகிறேன். என் முடியையும் வெட்டி, மங்கலாகத்தான் படம் எடுத்தார்கள். நான் படத்தைவிட அழகு என்று நேரில் பார்த்ததும் வீட்டம்மாவின் முகம் சுண்டிவிட்டது. நாலாம் மாதம் ஒரு மத்தியானம், அவள் கடைக்குப் போயிருந்தபோது, வீட்டுக்காரர் என் அறைக்குள் வந்தார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கத்தினேன், தள்ளினேன், தெருவுக்கு ஓடினேன். இதற்கு மேல் கேட்காதே. வீட்டம்மா சொன்னதை மொழிபெயர்க்க வந்தவள் கூசாமல் சொன்னாள்: "எல்லாத்துக்கும் உன் மூஞ்சிதான் காரணமாம். பெட்டியக் கட்டு."

அன்றிலிருந்து நான் கண்ணாடி பார்ப்பதில்லை. நீ கவனித்திருப்பாய்.

அதனால் சொல்கிறேன், தழும்பை மறைக்காதே. வாணலியைத் தட்டிவிட்ட பாவி நான். இத்தனை வருஷம் அதற்காக அழுதேன். இப்போது அதுதான் உனக்கு வேலி என்று தோன்றுகிறது. போன உடனே கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்.

உன்னை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்,
அக்கா

*

மாலாங்,
2 ஏப்ரல் 2004

அக்கா,

உன் கடிதத்தைக் குளியலறையில் ஒளிந்து படித்தேன். அழுகைச் சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

தழும்பைப் பற்றி அந்த வீட்டாருக்கு முன்னாலேயே சொல்லிவிடலாமே என்றதற்கு எண்டாங் அம்மா, "வாய மூடு. பவுடர அப்பிக்கிட்டு எறங்கு" என்கிறார். நாளை விமானம். பவுடர் போட மாட்டேன். வேலியாகவே இருக்கட்டும். எனக்காக அல்லாஹ்விடம் துஆ செய்.

விகாதி

*

தாய்ச்சுங்,
1 மே 2004

என் அக்காவுக்கு,

விமான நிலையத்தில் வீட்டம்மா என் படத்தோடு நின்றிருந்தாள். அவள் பார்வை கன்னத்தில் வந்து நின்றது. பிறகு நிம்மதியாகச் சிரித்தாள். எனக்குக் கூசிற்று, ஆனாலும் நீ சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன். என் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அதையும் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு மாதம்கூட நிறையவில்லை அக்கா. நேற்று முன்தினம் பாத்திரம் கழுவும்போது வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். அந்தத் தழும்பின் மேலேயே விரலை வைத்துத் தடவினார். தட்டு கைநழுவி உடைந்தது. சத்தம் கேட்டு வீட்டம்மா ஓடி வந்தாள். பெட்டியைக் கட்டச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள்.

நேற்று கடைக்குப் போய் வந்தவள், திருப்புளியோடு என் அறைக்கு வந்து, மண்டியிட்டுத் தானே உள்தாழ்ப்பாள் பொருத்தினாள். போட்டுக் காட்டிவிட்டு, என்னையும் போட்டுப் பார்க்கச் சொல்லிச் சைகை செய்தாள்.

ஏஜென்சிக்காரர்களிடம் வேறு வீடு கேட்டிருக்கிறேன். எப்போது கிடைக்குமோ, பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதே நாலு தரம் எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்றை இன்றே உனக்குச் சொல்லியாக வேண்டும். இந்தத் தழும்போடு இருந்தும் என் மேல் கை நீண்டது. அப்படியென்றால் உன் முகம் என்ன செய்தது அக்கா? ஒன்றும் செய்யவில்லை. போய்க் கண்ணாடியைப் பார். செகாரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார். பிறகு இரண்டு பேரும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். படக்காரரிடம் எதையும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

உன் கன்னத்தில் முத்தங்களுடன்,
விகாதி