சிலையின் கையில் தொட்டில்

சங்கரன்கோவில்,
ஆடி, 1979

அன்பு மனைவிக்கு,

புளியங்குடியில் அத்தை சுகமா? பீரோவிலுள்ள நம் பிள்ளையின் சின்னச் சட்டைகளை, நீ சொன்னபடி, யாருக்கும் கொடுக்கவில்லை.

சிலை முடிந்தது. குனிந்த பெண், முகம் வைக்கவில்லை. கைகள் மட்டும் அளவுக்கு மீறி நீண்டு, வெறுமையை ஏந்தியிருக்கின்றன. சிமெண்ட் காயட்டும் என்று வாசலில் நிறுத்தியிருந்தேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தவர்கள் அம்மன் என்று நினைத்து மஞ்சள் பூசிவிட்டார்கள். ஒருத்தி பிள்ளை வரம் கேட்டு அந்தக் கையில் ஒரு சின்ன மரத்தொட்டிலையே கட்டினாள்.

"சாமி இல்லம்மா, நான் செஞ்ச சிலை" என்றேன்.

"இம்புட்டுத் துக்கம் உள்ளவளுக்கு என் கஷ்டம் தெரியாமலா போவும், அண்ணாச்சி?" என்றாள்.

சிலைக்கு முகமில்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது! அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

தொட்டிலை அவிழ்க்கவில்லை. வெறும் தொட்டில் ஆடக்கூடாது என்பாயே. அந்தச் சட்டைகளில் ஒன்றை அதில் விரித்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்
சிமெண்ட்காரன்